பல் மருத்துவம் சேர விரும்புவோர் கவனத்துக்கு

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். நீட் எழுதியாயிற்று, மதிப்பெண் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். பிடிஎஸ் விண்ணப்பத்தில் பிள்ளைகள் தடுமாறுவது மதிப்பெண்ணைவிடச் சான்றிதழ்களில்தான்.

இந்த வாரமே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, பெயரையும் இனிஷியலையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். என் தம்பி மகளுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் ‘எஸ்’, சாதிச் சான்றிதழில் ‘எம்’. இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடந்தே அவள் அப்பாவுக்குச் செருப்புத் தேய்ந்தது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டும். தலைமை ஆசிரியர் விடுப்பில் போவதற்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அப்புறம், அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு எம்சிசி எனும் மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும். மாநில இடங்களுக்குச் சென்னையில் உள்ள மாநில மருத்துவக் கல்வித் தேர்வுக்குழுவிடம் பதிய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றதற்குச் செல்லாது.

எம்பிபிஎஸ் கிடைக்காவிட்டால் இது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் தெரிந்த பல் டாக்டரின் கிளினிக்கில் போய் உட்கார்ந்து பாருங்கள். நாள் முழுக்கக் குனிந்து செய்யும் நுணுக்கமான கைவேலை அது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்து வருடம்.

சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள். சான்றிதழ் படங்களை மட்டும் குழுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.