நடு ஆபரேஷனில் ஒரு ஸ்கேன்: தம்பி செந்திலுக்குக் கடிதம்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

புதுச்சேரியில் அனஸ்தீசியா டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, எம்.ஆர்.ஐ. உள்ள மூளை ஆபரேஷன் தியேட்டரில் சேரப்போகிறாய் என்று அக்கா சொன்னாள். "ஸ்கேனைப் பார்த்துக்கிட்டே கட்டியை எடுப்பாங்களாமே" என்று கேட்டாயாம். பெரும்பாலான நாட்களில் அப்படி நடக்காது. அறுப்பார்கள், நிறுத்துவார்கள், படம் எடுப்பார்கள், மிச்சம் இருந்தால் மறுபடி அறுப்பார்கள். அந்த நிறுத்தத்தில்தான் உனக்கு வேலை.

ஏன் நிறுத்த வேண்டும்? கருவியின் நுனி மூளையில் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும் நேவிகேஷன் திரையில் தெரிவது ஆபரேஷனுக்கு முன் எடுத்த படம். மண்டையோட்டைத் திறந்து மூளையுறையை வெட்டியதும் உள்ளிருக்கும் நீர் வடிகிறது. வீக்கம் குறையக் கொடுக்கும் மானிட்டால் மருந்து வேறு மூளையைச் சுருக்குகிறது. கட்டியைக் குடைந்தெடுக்க எடுக்கச் சுற்றியுள்ள திசு குழிக்குள் சரிகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் இடம் மாறலாம். திரை மட்டும் பழைய இடத்தையே காட்டும். இதற்காகத்தான் 1994-இல் பாஸ்டன் பிரிகாம் மருத்துவமனையில் ஒரு 0.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. காந்தத்தை நிறுவினார்கள் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு). அதன் இரு வளையங்களுக்கு நடுவே மருத்துவர் நின்று வேலை செய்ய 56 செ.மீ. இடைவெளி இருந்தது. இன்றைய 1.5, 3 டெஸ்லா காந்தங்களில் அந்த இடைவெளி கிடையாது. அதனால் காந்தம் கூரைத் தண்டவாளத்தில் நகர்ந்து வரும், இல்லையென்றால் நோயாளியை அதனிடம் கொண்டுபோக வேண்டும்.

முதல் எதிரி இரும்பு. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கு மேல். வேலை முடிந்ததும் அணைத்துவிட்டுப் போகிற காந்தமும் அல்ல, ராத்திரியிலும் இழுக்கும். காந்தத்தின் பாதுகாப்பு எல்லையாகத் தரையில் 5 காஸ் கோடு போட்டிருப்பார்கள் (காஸ் என்பது டெஸ்லாவைவிடச் சிறிய அலகு). இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டர், மூச்சுக்குழாய் போடத் தொண்டையைப் பார்க்கும் சாதாரண லாரிங்கோஸ்கோப், கத்தரிக்கோல், உன் செல்போன் எதுவும் அதைத் தாண்டக் கூடாது. படத்துக்கு முன் கருவி, ஊசி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணுவார்கள். கணக்கு ஒன்று குறைந்தாலும் காந்தம் வரக் கூடாது. அவசரம் என்று யார் சத்தம் போட்டாலும் சரி.

நோயாளியை வார்டிலேயே விசாரி. நம் பக்கத்துப் பெண்கள் தாலிச்சரட்டில் ஊக்கு கோத்திருப்பார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, அந்த ஊக்கை இழுக்கும். மெட்டி, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொல். கடலூர் சிப்காட்டிலோ நெய்வேலியிலோ வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவரென்றால் கண்ணில் எப்போதாவது துகள் பட்டதா என்று கட்டாயம் கேள். கண்ணுக்குள் தங்கிய இரும்புத்தூள் நகர்ந்தால் பார்வை போகும். சந்தேகமிருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே.

அடுத்தது தீக்காயம். மயக்கத்தில் இருப்பவர் சுடுகிறது என்று சொல்ல மாட்டார். இ.சி.ஜி. வயர் வளையமாகச் சுருண்டால் அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டுத் தோல் வெந்துபோகும். வயரை நேராக விட்டு, தோலுக்கும் அதற்கும் நடுவே உலர்ந்த துணி வை. கை தொடையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் உடம்பே ஒரு வளையம்தான். உள்ளே கம்பிச்சுருள் வைத்த மூச்சுக்குழாயைத் தவிர்க்கச் சொல். சாதாரணக் குழாயில் காற்றடைக்க வெளியே தொங்கும் பைலட் பலூனிலும் ஒரு குட்டி ஸ்பிரிங் உண்டு. அதைத் தலையிலிருந்து தள்ளி ஒட்டாவிட்டால் படத்தில் கருப்பு ஓட்டை விழும்.

கட்டி எடுத்த குழியில் காற்று நின்றாலும் படம் கோணலாகும். அதனால் குமிழி இல்லாமல் சலைன் நிரப்புவார்கள். முதலில் கான்ட்ராஸ்ட், அதாவது கட்டியைப் பளிச்சென்று காட்டும் மருந்து, இல்லாமல் டி1 என்ற வகைப் படம் எடுப்பது நல்லது, ஏனென்றால் ரத்தமும் அதில் வெள்ளையாகத் தெரியலாம். பிறகு அந்த மருந்தான கடோலினியம், உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். வெட்டிய ஓரமே கான்ட்ராஸ்டைக் குடித்து மெல்லிய கோடாக மின்னும், அதைக் கட்டி என்று நினைத்துவிடக் கூடாது. தடித்து முண்டாகத் தெரிவதுதான் சந்தேகத்துக்குரியது. புதுப் படத்தை நேவிகேஷனில் ஏற்றியதும், தெரிந்த ஓர் இடத்தைத் தொட்டுச் சரிபார்த்த பிறகே நம்புவார்கள். படமெடுக்கத் தலையைச் சுற்றி வைக்கும் காயிலை (கம்பிச்சுருளை) மாட்டும்போது, தலையைப் பிடித்திருக்கும் சட்டம் அசைந்திருக்கலாம்.

இவ்வளவு பாடுபட்டுப் பலன் உண்டா? 2011-இல் வெளியான ஃப்ராங்க்ஃபர்ட் ஆய்வில், எம்.ஆர்.ஐ. உதவியோடு 24 பேரில் 23 பேருக்குக் கட்டி முழுதாக வந்தது. அது இல்லாமல் 25 பேரில் 17 பேருக்கு. அங்கே இருந்தது வெறும் 0.15 டெஸ்லா காந்தம். டெஸ்லா கணக்கைச் சொல்லிப் பெருமையடிப்பவர்களிடம் இதைச் சொல்லு. ஆனால் கட்டி எங்கே முடிகிறது என்று காட்டுகிற அந்தப் படம், பேச்சுக்கான பகுதி எங்கே தொடங்குகிறது என்று காட்டாது. அதற்கு இன்னமும் நோயாளியை விழிக்கவைத்துப் பேசச் சொல்லித்தான் பார்க்கிறார்கள். இயந்திரம் வாங்க வழியில்லாத இடங்களில் அல்ட்ராசவுண்டும், கட்டியை நீல ஒளியில் சிவப்பாக ஒளிரவைக்க, கிலோவுக்கு 20 மி.கி. வாயால் கொடுக்கும் 5-ஏ.எல்.ஏ. மருந்தும் நன்றாகவே கைகொடுக்கின்றன.

நீ கேட்டதுபோல சிகிச்சை நடக்கும்போதே ஸ்கேனைப் பார்ப்பது லேசர் சிகிச்சையில் உண்டு. மெல்லிய ஃபைபரை மூளைக்குள் செலுத்திக் கட்டியைச் சுடுவார்கள். சில நொடிக்கு ஒருமுறை திரையில் வெப்பப்படம் மாறும். நல்ல திசுப் பக்கம் வைத்த எல்லைப்புள்ளியில் சூடு மீறினால் லேசர் தானே நின்றுவிடும். அசைவை அது சூடு என்று தப்பாகக் கணக்குப் போடும். அதனால் நோயாளி துளியும் அசையாமல் மயக்கத்தை ஆழமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

காந்தத்துக்குள் இதயம் நின்றால் அங்கேயே நெஞ்சை அமுக்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அமுக்கிக்கொண்டே நோயாளியைக் கோட்டுக்கு வெளியே இழுங்கள், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் அங்கே வரட்டும். பதற்றத்தில் சிலிண்டரோடு உள்ளே ஓடிவருகிற ஆளைத் தடுக்க, வாசலில் ஒருவரை முன்கூட்டியே நிறுத்துங்கள்.

ஒரு ஸ்கேனுக்கு ஏற்பாடெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகலாம். பண்ருட்டியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்து வெளியே உட்கார்ந்திருக்கும் வீட்டாரிடம் காலையிலேயே அதைச் சொல்லிவை. இல்லையென்றால் கதவு திறக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர்களாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
அண்ணன்