கோபுரமா உளுந்து

காரைக்குடி

ஆத்தா வள்ளிக்கு,

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பின ஒத்தை வரி வந்துச்சு. "வெள்ளைப் பணியாரம், ஒரு ஆளுக்கு, கிராம்ல சொல்லு." பெத்த அப்பச்சிக்கு முட்டு வலி எப்படின்னு ஒரு வார்த்தை இல்லை. போகட்டும், வேலை இருக்கும்.

ஒரு ஆளுக்கு யாருத்தா வெள்ளைப் பணியாரம் சுடுவா?

நீ வாங்கி வச்சுட்டுப் போன எலெக்ட்ரானிக் தராசை நேத்துத்தான் அட்டைப்பெட்டியிலிருந்து பிரிச்சேன். அப்பத்தா அரிசி அளக்கிற ஆழாக்கை அதுமேல வச்சு, பொத்தானை அமுக்கி ஜீரோ பண்ணி, தண்ணி ஊத்தினேன். 168 கிராம். பச்சரிசியைத் தலைதட்டிப் போட்டா 140. அரிசி மாவை அள்ளிக் கொட்டினா 100கூடத் தேறலை, தட்டித் தட்டி அமுக்கினா 120. அதே ஆழாக்குதான். மாவை மட்டும் கப்பில அளக்காதே, நிறு.

இப்ப உளுந்துக்கு வாரேன். அரிசி மேல கோபுரமாக் குவிச்சு, சரியாம நிக்கிற மட்டும் உளுந்துன்னு உனக்குத் தெரியும். மூணு தடவை குவிச்சு நிறுத்தேன்: 21, 26, 23. காபி டம்ளர்ல குவிச்சா 30க்கு மேல போகுது. கோபுரம் வாய் அகலத்துக்கு ஏத்த மாதிரில்ல நிக்கும்! மெல்போர்ன்ல உன் கப்பு 250 மில்லி, வாயும் அகலம். அதுல குவிச்சேன்னா உளுந்து கூடிப்போயி, பணியாரம் எண்ணெயைக் குடிச்சிரும். 140க்கு 24ன்னு வச்சுக்க. ரெண்டு மணி நேரம் ஊறினாப் போதும்.

அந்த ஊரு மேசைக்கரண்டி 20 மில்லியாமே. வீடியோவுல அமெரிக்காக்காரி சொல்றது 15. அதைப் பாத்து உப்புப் போட்டுறாதே. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில ஒரே எடை நிக்காது. உப்பை நிறுத்துப் போடு.

ஆழாக்கு ரெண்டு உழக்கு, உழக்கு ரெண்டு உரி, உரி ரெண்டு படின்னு அஞ்சு வயசுல அப்பத்தா மடியில ஒக்காந்து ஒப்பிப்பே. ஆச்சிமாரெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுவாக. அந்தப் பிள்ளைக்கு இப்ப அம்மாகிட்ட ரெண்டு நிமிசம் பேச முடியலை. உனக்குச் சீர் வச்ச பித்தளைப் படியெல்லாம் உன் பேரு வெட்டினபடியே ரெண்டாங்கட்டு அறையில பூட்டிக் கிடக்கு.

மாப்பிள்ளை ஒக்காந்தா எட்டுப் பணியாரம் காணாதே. வயித்துக்கு ஒண்ணுமில்லையே? பொங்கலுக்கு அனுப்பின போட்டோவுலயும் அவுகளைக் காணோம். நீதான் எடுத்திருப்பேன்னு அப்பச்சி சொன்னாக. போட்டோவுல நீ நிக்கிறே, அப்புறம் நீ எப்படி எடுத்திருப்பே? நான் கேக்கலை.

உப்பை நிறுத்துப் போடு. முன்னாடியே சொல்லிட்டேனோ?

வள்ளி, போன ஆவணியில ராத்திரி பதினொண்ணுக்குப் போன் பண்ணினியே. அங்க விடியக்காலை மூணரை இருக்கும். அந்த நேரத்துல யாரும் புளியோதரைக்கு எண்ணெய் அளவு கேக்க மாட்டாகன்னு எனக்குத் தெரியும். நீ மூக்கை உறிஞ்சினது நல்லாக் கேட்டுச்சு. ஆனா நான் "ஒரு ஆழாக்கு நல்லெண்ணெய், தாராளமா ஊத்து, எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதான்"னு எதையும் எதையும் சேத்துச் சொல்லிட்டு வச்சுட்டேன். மறுநாள் உங்க பெரியத்தா பேத்தி நிச்சயதார்த்தம். இந்த நேரத்துல எதையும் காதுல போட்டுக்க வேண்டாம்னு நெனச்சேன். அம்மா பயந்துட்டேன்த்தா. அப்பச்சிகிட்டயும் சொல்லலை, நேத்துத்தான் சொன்னேன்.

ஒரு ஆளுக்கு எனக்கு அளவு தெரியாது. ஒரு ஆழாக்குக்குக் கீழ எங்க வீட்டுல யாரும் அளந்ததில்லை. சுட்டு, மிஞ்சினா மிஞ்சட்டும்.

அப்பச்சி காலையில பீரோவைத் தொறந்து ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் எடுத்துத் தேதி பாத்தாக. எதுக்குன்னு கேட்டேன். சும்மான்னாக.

அம்மா