பத்தாங் பெர்ஜுந்தை முதல் பத்துமலை வரை: ஒரு நன்றி மடல்

ஊர் மக்களுக்கும், வழியில் எங்களைப் பார்த்துக்கொண்ட எல்லாருக்கும் வணக்கம்.

2007இல் ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து பத்துமலைக்குப் பாதயாத்திரை போன 23 பேரும் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டோம். கால்கள்தான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

முதல் நன்றி, பெயர்கூடக் கேட்காமல் விட்ட வங்காளதேசத் தம்பிகளுக்கு. அதிகாலை 3 மணிக்கு வெறுங்காலோடு தென்னமரம் தோட்டத்துப் பாதையில் இறங்கினோம். பெயர்தான் தென்னமரம், 1917இல் இந்த மலேசிய நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று எண்ணெய்ச் செம்பனை நட்ட தோட்டம் அது. செம்பனை மட்டையின் அடிமுள் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மட்டையும் உதிரிப் பழமும் கிடக்குமே என்று டார்ச்லைட்டைத் தரையில் அடித்துக்கொண்டே போனால், பாதை துடைத்து விட்டதுபோல் கிடக்கிறது. மண்ணில் விளக்குமாறு போட்ட கோடுகள் மட்டும் வரி வரியாக. நாங்கள் செருப்பில்லாமல் நடப்போம் என்று யாரோ சொல்ல, முதல் நாள் குலை வெட்டி முடித்த கையோடு அவர்களே கூட்டியிருக்கிறார்கள். மறுநாள் தோட்டத்துக் கங்காணி மண்டோர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். தம்பிகளே, இது தமிழில் இருக்கிறது. மண்டோர் படித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் பத்து ஆராங். தண்ணீர் கொண்டு வருவதாகப் பேசி வைத்திருந்த வேன் வரவில்லை. ஏற்பாடு என்னுடையது, மாற்று வண்டி ஒன்று பார்த்து வைக்காத தப்பும் என்னுடையது. ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. 1960இல் மூடிய நிலக்கரிச் சுரங்கத்து ஊர் அல்லவா, பழைய செங்கல் புகைபோக்கி ஒன்று இன்னும் நிற்கிறது. அது கண்ணில் பட்டதும் பெரியவர்கள் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, வெளியே வந்து, "ஜாலான் காக்கி? சம்பாய் பத்து கேவ்ஸ்?" என்று, நடந்தா, பத்துமலை வரைக்குமா என்று, இரண்டு தடவை கேட்டார். நடந்துதான் என்றோம். உள்ளே போனவர் ஒரு வாளி நிறைய ஐஸ் போட்ட சிராப்போடு வந்தார். கால் நனைக்க ரப்பர் குழாயையும் வாசல் வரை இழுத்துப் போட்டார். தெரிமா காசே, மக்சிக்.

டிரெஸர் ஐயாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிறது. மோட்டார் கூடையில் டெட்டாலும் பஞ்சும் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் எங்கள் பின்னாலேயே வந்தார். அந்த வேகத்தில் மோட்டார் ஓட்டுவது நடப்பதைவிடக் கஷ்டம். பாதை கூட்டாத இடத்தில் எங்கேயோ என் குதிகாலில் ஏறிய முள்ளை, குவாங் வந்ததும் எடுத்தார். ஊசியைச் சூடத்தில் காட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரே நெம்பு. "ஒரு காலத்தில் காலையிலேயே இருபது பேருக்கு எடுப்பேன். ஒருத்தனும் இப்படிக் கத்தினது இல்லை" என்றார். முள் கால் அங்குலம் இருந்தது, ஐயா. கத்தாமல் என்ன செய்வது?

பத்துமலையில் 272 படியும் அத்தையைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டத்தில் மறைந்துபோன காலேஜ் பிள்ளைகள் இருவருக்கும் நன்றி. இரவு முழுக்கக் கோயிலில் புளிச்சோறு கிண்டிக் கட்டிக் கொடுத்த அக்காமாருக்கும் நன்றி. உப்பு கொஞ்சம் தூக்கல்தான். வேர்த்த உடம்புக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சோறு வந்த தூக்குச்சட்டிகளில் பச்சை மூடி போட்டது ஒன்று என் வீட்டிலேயே தங்கிவிட்டது. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. யாருடையது என்று சொன்னால், கால் வீக்கம் வடிந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன்.