அல்சூர் ஏரிப் பக்கமும் எட்டிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூருவில் பார்க்க வேண்டிய இடங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லால்பாக், கப்பன் பார்க் எல்லாம் சரி, அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டீர்களே! போன மாதம் மகனோடு போய்வந்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பது 1780இல் தொடங்கிய ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது என்று மற்ற படைகள் முன்னேற வழி செய்து கொடுப்பவர்கள். தமிழரோ தெலுங்கரோ மலையாளியோ கன்னடரோ, இந்த வீரர்கள் எல்லாருக்கும் ராணுவத்தில் ஒரே பெயர், ‘தம்பி’. அதைக் கேட்டதுமே எனக்கு இது நம் வீட்டு விஷயமாகிவிட்டது. முள்கம்பி வேலியைத் தகர்க்க, குழாய்களில் வெடிமருந்தை அடைத்து ஒன்றோடொன்று சொருகித் தூரத்திலிருந்தே தள்ளி வெடிக்க வைப்பார்களே, அந்த ‘பெங்களூர் டார்பிடோ’ 1912இல் இந்தப் பிரிவில் இருந்த மெக்ளின்டாக் என்ற அதிகாரி உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில், 1944இல் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில்கூட அதைப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது இதே பிரிவில் இருந்த சுபேதார் சுப்பிரமணியன் பற்றி. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது கூட வந்த ஒருவரின் கால் வெடியில் பட்டுவிட்டது. சில நொடியில் வெடித்துவிடும், சுற்றி ஆட்கள், சுப்பிரமணியன் அப்படியே அதன் மேல் விழுந்து தன் உடம்பால் மூடிவிட்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸைப் பெற்ற முதல் சில இந்தியர்களில் ஒருவர் அவர். ஐம்பது வயதாகும் எனக்கு இந்தப் பெயர் இதுவரை தெரியாது என்பதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. “இவர் நம்ம ஊர்ப்பக்கமாப்பா?” என்று மகன் இரண்டு தடவை கேட்டான்.

பெங்களூரு போகிறவர்கள் பிள்ளைகளோடு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். ராணுவ இடம் என்பதால் முன்கூட்டியே அனுமதி விசாரித்துக்கொண்டு போவது நல்லது. அப்புறம், உங்கள் செய்தியாளர் ஒருவரைச் சுப்பிரமணியனின் சொந்த ஊருக்கு அனுப்பி ஒரு நல்ல கட்டுரை எழுதச் சொல்லுங்கள் ஐயா, அதை என் மகனின் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் நானே கொண்டுபோய் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி