பொதுப் பட்டறை நிர்வாகக் குழுக்களுக்கு: படிவம் இருக்கட்டும், முதலில் ஸ்டார்ட்டரை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பட்டறை எந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் புதியவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பதும் எங்கள் தொழில். தச்சு, வெல்டிங், லேசர் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, சந்தா கட்டிய யாரும் வந்து வேலை செய்யலாம் என்று நீங்கள் பட்டறை நடத்துவது நல்ல காரியம். சொந்தமாக டேபிள் ஸா (மேசையில் பதித்த வட்ட ரம்பம்) வாங்க வசதியில்லாதவருக்கு வேறு வழியும் கிடையாது. ஆனால் பல இடங்களில் பாதுகாப்பு என்று இருப்பது, சேரும்போது வாங்கும் ‘எந்திரங்களை என் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்துகிறேன்’ என்ற கையெழுத்து ஒன்றுதான். அந்தக் கையெழுத்தால் யார் விரலும் தப்பாது.

சொந்தப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரிக்குத் தன் எந்திரத்தின் நிலை அத்துப்படி. பிளேடை மாற்றியதும் அவர்தான், போல்ட்டை முடுக்கியதும் அவர்தான். பொதுப் பட்டறையில் அப்படியில்லை. காலையில் ஒருவர் பிளேடை மூடும் பாதுகாப்பு மூடியை, அதாவது காப்பை, கழற்றிவிட்டுப் போயிருப்பார், மாலையில் வருபவர் அது அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்து வேலையைத் தொடங்கிவிடுவார். எங்கள் கோரிக்கைகள் எல்லாமே இந்தக் கைமாறும் இடத்தைப் பற்றியவை.

முதல் கோரிக்கை மின் இணைப்பு. கரண்ட் போகிறது. ரம்பம் நிற்கிறது. வேலை செய்தவர் சுவிட்சை அணைக்காமல் டீ குடிக்கப் போய்விடுகிறார். அடுத்தவர் வந்து, எந்திரம் நின்றுதானே கிடக்கிறது என்று பிளேடின் பக்கத்தில் சிக்கிய சிராயைக் கையால் எடுக்கிறார். கரண்ட் வருகிறது. சாதாரண பியானோ சுவிட்சோ, மெயின் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. பிரேக்கரோ போட்டு ஓட்டும் எந்திரம் அந்த நொடியே தானாக ஓடத் தொடங்கும். மோட்டாரை நேரடியாக மின் இணைப்பில் சேர்க்கும், பச்சை, சிவப்புப் பொத்தான் உள்ள டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் இருந்தால் இது நடக்காது. கரண்ட் போனதும் உள்ளே இணைப்பைப் பிடித்திருக்கும் மின்காந்தச் சுருளான ‘காயில்’ பிடியை விட்டுவிடும், மறுபடி பச்சையை அழுத்தாமல் மோட்டார் சுற்றாது. ஸ்டார்ட்டர் என்றாலே மோட்டார் எரியாமல் காப்பதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பொதுப் பட்டறையில் அது கையையும் காக்கிறது.

ஆகவே டேபிள் ஸா, மரம் இழைக்கும் பிளேனர், டிரில்லிங் மெஷின், பெஞ்ச் கிரைண்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஸ்டார்ட்டர் போடுங்கள். வாங்கும்போது காயில் வோல்டேஜைப் பாருங்கள்: சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு 230, த்ரீ ஃபேஸ் என்றால் இணைப்பைப் பொறுத்து 230 அல்லது 415. மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாராவது அதை ஏற்றி வைத்தால், மழுங்கிய பிளேடை வைத்து அறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பச்சைப் பொத்தானில் தீக்குச்சி செருகி வைக்கும் பழக்கமும் உண்டு, அப்படிச் செய்தால் ஸ்டார்ட்டர் வெறும் சுவிட்ச் ஆகிவிடும். மாதம் ஒருமுறை சோதியுங்கள்: எந்திரத்தை வெறுமனே ஓடவிட்டு மெயினை அணையுங்கள், முழுதாக நின்றதும் மெயினைப் போடுங்கள். எந்திரம் அசையக்கூடாது.

கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. ஆங்கிள் கிரைண்டரின் சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் பூட்டிக்கொண்டால், கரண்ட் வந்ததும் மேசையில் கிடந்தபடியே துள்ளும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. கைக்கருவிகளுக்கான சாக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காண்டாக்டரும் (ஸ்டார்ட்டரில் இருப்பது போன்ற மின்காந்த சுவிட்ச்) பச்சை, சிவப்புப் பொத்தான்களும் வையுங்கள். கரண்ட் போய் வந்தால், எல்லாக் கருவியும் அணைந்திருக்கிறதா என்று ஒருவர் பார்த்துவிட்டுப் பச்சையை அழுத்திய பிறகே சாக்கெட்டுகளுக்கு உயிர் வரும். அதே வரிசையில் கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் இருக்கட்டும், அதன் டெஸ்ட் பொத்தானை மாதாமாதம் அழுத்திப் பாருங்கள். மூன்றாவது முள் உடைந்த பிளக்கையும், ஒயரை நேரடியாகச் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்கும் வித்தையையும் பட்டறைக்குள் விடவே விடாதீர்கள்.

அடுத்தது டேபிள் ஸா. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும்போது பல்லின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 53 மீட்டர். எல்லோரும் பயப்படுவது வெட்டுக்கு. ஆனால் கட்டை எகிறி அடிப்பதைப் பற்றியும் அதே அளவு பேச வேண்டும். அறுபட்ட பலகை உள் இறுக்கம் காரணமாக மூடிக்கொண்டோ, பலகையை ஒட்டி நகர்த்தும் நீளத் தடுப்பான ஃபென்ஸ் பின்பக்கம் பிளேடை நோக்கிக் குறுகியிருப்பதாலோ, பிளேடின் பின்பாதியை நெருக்கும். பின்பாதிப் பல் மேல்நோக்கி ஏறி வருவது, பலகையைத் தூக்கி அறுப்பவர் மேலேயே எறியும். அந்த வேகத்தில் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கையும் பிளேடின் மேல் இழுபடும்.

இதைத் தடுப்பது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃப் என்ற தகடு. பொதுப் பட்டறையில் அது பெரும்பாலும் எந்திரத்தில் இருக்காது, அலமாரியில் இருக்கும். சோம்பலால் மட்டும் கழற்றுவதில்லை. தகட்டின் தடிமன் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும், பல் போடும் வெட்டின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். உடல் 1.8 மி.மீ., வெட்டு 2.6 மி.மீ. என்றால் தகடு 2.2 மி.மீ. சரி. யாரோ ஒருவர் 2 மி.மீ. மட்டும் வெட்டும் மெல்லிய பிளேடை மாட்டினால், பலகை தகட்டில் முட்டி நின்றுவிடும். அவர் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை முடிப்பார். அடுத்த மாதம் பழைய பிளேடு திரும்பி வரும், தகடு வராது. எனவே ஒரே வெட்டு அகலமுள்ள பிளேடுகளை மட்டும் சங்கமே வாங்கி வையுங்கள், வெளியிலிருந்து கொண்டுவருவதைத் தடை செய்யுங்கள். அனுமதித்த பிளேடின் அளவையும் தகட்டின் தடிமனையும் எந்திரத்தின் உடம்பிலேயே பெயின்டால் எழுதுங்கள். தகட்டுக்கும் பிளேடுக்கும் இடைவெளி 3 முதல் 8 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை மேசையில் பிளேடுக்கு இணையாக ஓடும் நீளப் பள்ளத்திலிருந்து (காடி) ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் முடியளவு அகன்றிருந்தால் பரவாயில்லை, குறுகியிருக்கவே கூடாது. பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே 150 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் தள்ளுகட்டை இல்லாமல் அறுக்கக்கூடாது. துண்டுப் பிளைவுட்டில் ஐந்தாறு தள்ளுகட்டைகளை வெட்டி மெஷினிலேயே தொங்கவிடுங்கள், தேடிப் போகும் தூரத்தில் இருந்தால் யாரும் தேடிப் போகமாட்டார்கள். நிற்கும் இடம் பிளேடின் நேர்கோட்டில் இருக்கக்கூடாது.

பிளைவுட் பலகைக்கு அடியில் மார்பிள் கட்டரைத் தலைகீழாக மாட்டி ‘டேபிள் ஸா’ என்று வைத்திருக்கும் இடங்களுக்கு எங்களிடம் ஒரே பதில்தான்: கழற்றிவிடுங்கள். தகடும் கிடையாது, மேல்காப்பும் கிடையாது, சுவிட்ச் கைக்கு எட்டாது. நிமிடத்துக்கு 12,000 சுற்றைத் தாண்டும் எந்திரத்தில், அந்த வேகத்துக்குச் செய்யாத மர பிளேடை மாட்டினால் கார்பைடு பல் கழன்று தெறிக்கவும் கூடும்.

ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டுவதும் இதே வகைதான். 4 அங்குல மெஷினில் காப்பைக் கழற்றிவிட்டு 5 அங்குல டிஸ்க் போடுவதும் அப்படியே. டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று, மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வெட்டும் டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் இருக்கும், பிசினால் கட்டிய டிஸ்க் ஈரத்தில் வலுவிழப்பதால் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கணக்கு. ஈரத் தரையில் கிடந்த டிஸ்க்கை யோசிக்காமல் உடைத்துப் போடுங்கள்.

பெஞ்ச் கிரைண்டரில் சாணைக்கல் தேயத் தேய, பொருளைத் தாங்கும் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி கூடும். அது 3 மி.மீ.க்கு மேல் போனால் உளி உள்ளே இழுபட்டுக் கல்லையே உடைக்கும். காப்பின் மேல்முனையில் உள்ள நாக்குத் தகட்டுக்கும் கல்லுக்கும் 6 மி.மீ. போதும். புதுக் கல்லை மாட்டுமுன் விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மெல்லத் தட்டிக் கேளுங்கள்: மணிபோல ஒலித்தால் நல்லது, சத்தம் செத்திருந்தால் விரிசல். காகித வாஷரைத் தூக்கிப் போடாமல் இருபுறமும் மாட்டுங்கள். முதல் ஒரு நிமிடம் ஓரமாக நின்று ஓடவிடுங்கள். அலுமினியத்தை அதில் தேய்க்க விடாதீர்கள், கல் அடைத்துக்கொண்டு சூடேறும்.

லேசர் கட்டரில் சிக்கல் வேறு. பை செய்பவர் ரெக்சின் கொண்டுவருவார், பேனர் ஆள் ஃபிளெக்ஸ் கொண்டுவருவார். பி.வி.சி. கலந்த எதை வெட்டினாலும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும், நுரையீரலையும் அரிக்கும், லென்ஸையும் மெஷினுக்குள் லேசர் தலை ஓடும் தண்டவாளங்களையும் அரிக்கும். ‘இது பி.வி.சி. இல்லை சார், கடைக்காரர் சொன்னார்’ என்பதை நம்ப வேண்டாம். ஒரு செம்புக் கம்பியைச் சுடரில் நிறம் எதுவும் வராத வரை பழுக்கக் காய்ச்சி, சூடாகவே பொருளில் ஒற்றி, உருகி ஒட்டியதோடு மீண்டும் சுடரில் காட்டுங்கள். பச்சை எரிந்தால் குளோரின் இருக்கிறது, வெட்டக்கூடாது. திறந்த வெளியில் செய்யுங்கள். வீட்டு ஒயரை உரித்து எடுக்கும் கம்பி என்றால் நன்றாகக் காய்ச்சுங்கள், அதன் உறையே பி.வி.சி.தான், அதன் பிசிறு ஒட்டியிருந்தால் நல்ல பொருளும் பச்சை காட்டும்.

அக்ரிலிக் வெட்டும்போது தீப்பிடிப்பது அபூர்வமில்லை. ஓடும் லேசரை விட்டு ஒரு நிமிடம்கூட நகரக்கூடாது என்பதை எழுத்தில் வையுங்கள். பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருக்கட்டும். பவுடர் வகையை வைத்தால், மெஷின் பாழாகுமே என்று தயங்கியே தீயை வளரவிட்டுவிடுவார்கள். மூடி திறந்தால் லேசரை நிறுத்தும் சுவிட்சில் காந்தம் ஒட்டி ஏமாற்றும் பழக்கத்தைக் கண்டால் மெஷினை அன்றே பூட்டிவிடுங்கள்.

உடை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். சுற்றும் எந்திரத்தில் கையுறை ஆபத்து, அது விரலைச் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, தோள் துண்டு, முடியாத கூந்தல், கழுத்துச் சங்கிலியோடு டிரில்லிங் மெஷின் பக்கம் போகக்கூடாது. மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறைக் கழற்றச் சொல்லச் சங்கடமாக இருக்கும். முழுக்கைக்குள் செருகி மறைத்தாலும் போதாது, அப்படிப்பட்டவருக்கு அன்று சுற்றும் எந்திரம் வேண்டாம், வேறு வேலை கொடுங்கள்.

பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைக்க வேண்டும். நேரடி இணைப்பு என்றால் எந்திரத்துக்கான கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சில் பூட்டு, சாவி மாற்றுபவரின் பையில். பழுதான எந்திரத்துக்கும் இதே பூட்டு. ‘பழுது’ என்று செல்லோடேப்பில் ஒட்டிய காகிதம் மறுநாள் காற்றில் பறந்திருக்கும். வேலை முடித்துப் போகும்போது பிளேடு மேசைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், டிரில் பிட்டைப் பிடிக்கும் சக்கில் அதை முடுக்கும் சாவி இருக்கக்கூடாது, கழற்றிய காப்பு எல்லாம் திரும்ப மாட்டியிருக்க வேண்டும். பயிற்சி எந்திரத்துக்கு எந்திரம் தனியாக இருக்கட்டும், டிரில்லிங் தெரிந்தவருக்கு டேபிள் ஸா தெரியும் என்று ஆகாது. தனியாளாக ரம்பமும் கிரைண்டரும் வெல்டிங்கும் வேண்டாம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

முதலுதவிப் பெட்டியில் மாத்திரையைவிடத் தடித்த காஸ் துணிக் கட்டும், ஜிப் உள்ள பிளாஸ்டிக் பைகளும் முக்கியம். காயத்தில் காப்பித்தூளோ மஞ்சளோ கொட்ட வேண்டாம், மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108-ஐ அழையுங்கள். விரல் துண்டானால் சுத்தமான ஈரத் துணியில் சுற்றிப் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸில் நேரடியாக வைத்தால் திசு உறைந்து கெடும். விரலை ஒட்டவைக்கும் நுண் அறுவை எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. சென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில் எங்கே இருக்கிறது என்பதை இப்போதே விசாரித்து, அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இவ்வளவுக்கும் ஒரே மாதத்தில் பணம் இருக்காது என்பது எங்களுக்கும் தெரியும். முதலில் ஸ்டார்ட்டர்களும் ஆர்.சி.சி.பி.யும், பிறகு ஒரே அளவு பிளேடுகளும் தகடும், அதன் பின் பூட்டுகள் என்று போங்கள். அதுவரை டேபிள் ஸாவைப் பூட்டி வைத்தால் உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

இப்படிக்கு,
பட்டறை எந்திரம் பொருத்துவோரும் பழக்குவோரும்