இரவுகளை எண்ணும் காலண்டர்

ஏற்காடு,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. அம்மா முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே பத்து நாளுக்கு முன்னால் நல்ல மழை. காபி பூத்துவிட்டது, வாசல் வரை மணக்கிறது.

போன மே மாதம் நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. கோடை விழாக் கூட்டத்தில், அக்கா விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடும் நாலு அறைகளில் ஒன்றை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டோம். மேலே அக்கா நோட்டில் எழுதினாள், சேலத்தில் நான் போனில் சரி என்றேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, வாந்தி எடுத்துத் துவண்ட குழந்தையோடு வந்து நின்றவர்களுக்குத் தன் அறையைக் கொடுத்துவிட்டு, அக்கா அன்று சமையற்கட்டில் படுத்தாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் கம்ப்யூட்டரில் இந்த அறைப் பதிவுக் காலண்டரைச் செய்தேன். எல்லாவற்றையும் நானே எழுதவில்லை. மாதக் கட்டங்களுக்கு ஃபுல்காலண்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, அதாவது பிரவுசரில் ஓடும் தயார் நிரல் தொகுப்பு, இருக்கிறது. அதன் அடிப்படைப் பகுதி எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் இலவசம். பின்னால் சர்வரில் ஓட பிஎச்பி பைல் இரண்டு, பதிவுகளைச் சேமிக்க மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் டேபிள் ஒன்று. ஒரே சனிக்கிழமையில் திரைக்கு வந்துவிட்டது.

தேதியில்தான் சிக்கல். 10ஆம் தேதியைத் தொட்டால் 9 என்று பதிவானது. அரை நாள் தேடினேன். ஜாவாஸ்கிரிப்டில் தேதியை ஐஎஸ்ஓ என்ற சர்வதேச வடிவத்தில் எழுத்தாக மாற்றும்போது அது யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்குப் போகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நம் நள்ளிரவு அங்கே முந்தைய நாள் மாலை ஆறரை. லைப்ரரியே எழுத்தாகத் தரும் தேதியை அப்படியே சேமித்தேன், சரியாகிவிட்டது.

அப்புறம் அறை மோதல். வரும் தேதி, போகும் தேதி இரண்டையும் வைத்து என்னென்னவோ நிபந்தனை எழுதிக் குழம்பிய பிறகுதான் அக்காவின் நோட்டைத் திறந்து பார்த்தேன். அவள் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வரி போட்டிருந்தாள். 10ஆம் தேதி வந்து 12ஆம் தேதி கிளம்பினால் இரண்டே வரிகள்: 10, 11. பன்னிரண்டாம் தேதி மதியம் அடுத்தவர் வரலாம். ஃபுல்காலண்டரும் முடிவுத் தேதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அக்கா போட்ட கணக்கேதான்!

டேபிளை அவள் நோட்டு மாதிரியே மாற்றிவிட்டேன். ஓர் இரவுக்கு ஒரு வரி. அறை எண்ணும் தேதியும் சேர்ந்து யூனிக் கீ. அதே அறை, அதே இரவு மறுபடி வந்தால் டேட்டாபேஸே மறுத்துவிடும். ஒரு பதிவின் எல்லா இரவுகளும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் போகின்றன. எல்லாம் சேர்ந்து பதிவாகும், இல்லாவிட்டால் எதுவும் பதிவாகாது. அதனால் மூன்றில் ஓர் இரவு கிடைக்காவிட்டாலும் மற்ற இரண்டு தனியாகத் தொங்கி நிற்காது.

இந்த மே முழுக்க நோட்டிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மழை அடித்தால் இங்கே கரண்டும் போகும், சிக்னலும் போகும்.

ஓர் உதவி செய். வரும் சனி இரவு எட்டு மணிக்கு நீ அங்கிருந்து, நான் சேலத்திலிருந்து, ஒரே அறையை ஒரே நேரத்தில் பதிவு செய்து பார்ப்போம். லிங்க் தனியாக அனுப்புகிறேன். ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். இருவருக்கும் கிடைத்துவிட்டால் உடனே போன் போடு.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை