பனிக்கு ஒரு சட்டி சூப்

அன்பு மகன் தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் நீ நலமாக இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. மூக்கடைத்த குரல். ஸ்காட்லாந்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது, வேலை முடிந்து வந்தால் அடுப்பைப் பற்றவைக்கவே தோன்றவில்லை, இராத்திரிக்கு மேகி நூடுல்ஸ்தான் என்றாய். நாங்கள் அனுப்பிய சூப் மசாலாப் பொட்டலம் வழியிலேயே பிய்ந்து பாதி உன் சட்டைகளில் கொட்டிவிட்டது, அதனால் சூப் வைக்க வழியில்லை என்று ஒரு காரணமும் சொன்னாய். அம்மா அன்றைக்கே இன்னொரு பொட்டலம் கட்ட உட்கார்ந்துவிட்டாள். நான்தான் நிறுத்தினேன். கோபித்துக்கொள்ளாதே.

பதினேழு வயதில் இங்கே பினாங்குப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு சூப் கடையில் நான் பாத்திரம் கழுவிய கதை உனக்குத் தெரியும். கடைக்கார பாய் வாயைத் திறந்து எதையும் சொல்லித் தரமாட்டார். ஆனால் அடுப்பைக் கூட்டி வைத்தால் மட்டும் ஓடி வருவார். "எலும்பு கத்தக் கூடாது, முணுமுணுக்கணும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய பாடம். பொங்கிப் பொங்கிக் கொதித்தால் கொழுப்பெல்லாம் தண்ணீரில் கலங்கி சூப் பால் மாதிரி ஆகிவிடும். அடங்கின தீயில் இரண்டு மணி நேரம் கிடந்தால் எலும்பை ஒட்டிய நரம்பும் சவ்வும் மெல்லக் கரைந்து இறங்கும். மறுநாள் குளிர்ப்பெட்டியில் வைத்த சூப் ஜெல்லி மாதிரி ஆடுகிறதே, அது அந்தச் சவ்வுதான். அப்படி ஆடவில்லையென்றால் நீ அவசரப்பட்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

அந்தக் கடைச் சூப்பில் என்னவெல்லாம் விழுந்தது என்று யோசித்துப் பார். மல்லி, சோம்பு, சீரகம், மிளகு நம் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்த ருசி. அன்னாசிப்பூ சீனாக்காரர் பக்கத்துச் சரக்கு. மேலே தூவுகிற டாவுன் சூப் என்கிற செலரி இலை, சீனக் காய்க்காரரிடம் பசாரில் கட்டுக்கட்டாக வாங்குவது. தொட்டுச் சாப்பிட ரொட்டி பெங்காலி. இராமநாதபுரத்தில் யாரும் இப்படி ஒரு சூப் வைத்திருக்க மாட்டார்கள். பினாங்கில் கைக்கு எட்டியதைப் போட்டார்கள், அது பினாங்குச் சூப் ஆயிற்று. நீ மட்டும் அபர்டீனில் உட்கார்ந்துகொண்டு பினாங்குப் பொட்டலத்துக்குக் காத்திருந்தால் எப்படி?

சரி, உன் ஊரில் என்ன இருக்கிறது? போன வருஷம் வந்தபோது அந்த சனிக்கிழமைச் சந்தையில் நான் அரை நாள் நின்றேன், நீ குளிருகிறது குளிருகிறது என்று அவசரப்படுத்தினாய். வெங்காயத்தாளின் பெரியப்பா மாதிரி லீக். ஊதாத் தோலும் உள்ளே மஞ்சளுமாக ஒரு தடிக் கிழங்கு, நீப் என்கிறார்கள். கேரட், கேல் கீரை. இவை குளிர்காலத்தில்தான் ருசி. உறைபனி விழத் தொடங்கினால் செடி தன்னிடம் உள்ள மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சர்க்கரை கலந்த நீர் சீக்கிரம் உறையாது, அதனால். அது செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வேலை, தித்திப்பு நமக்கு.

அப்புறம் பார்லி. இதுதான் எனக்குச் சிரிப்பு. இங்கே வெயில் கொளுத்தினால் அம்மா ஒரு ஜாடி பார்லித் தண்ணி வைத்துவிடுவாள், சூடு தணியுமாம். அங்கே குளிர் போக வேண்டுமென்று அதே பார்லியை ஆட்டுக்கறியோடு போட்டு வேகவைக்கிறார்கள். ஸ்காட்ச் பிராத் என்று கேன்டீனில் சாப்பிட்டு, "ஒன்றுமில்லை அப்பா, உப்புத் தண்ணீர்" என்றாயே, அதேதான். பழி சூப்பின் மேல் இல்லை, வைத்தவன் மிளகைப் பார்த்ததே இல்லை.

இப்படிச் செய். முக்கால் கிலோ ஆட்டுக் கழுத்துக் கறி, எலும்போடு. மட்டன் என்று கேட்டால் எல்லாக் கடையிலும் இருக்காது, ஹலால் கடையில் கேட்டுப் பார். இல்லாவிட்டால் லேம் என்கிற குட்டி ஆட்டுக்கறி போதும், மேலே மிதக்கிற கொழுப்பை எடுத்துவிடு. இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்று. நுரை வரும், வழித்து எடு. முதல் நாள் இரவே ஊறவைத்த காய்ந்த பட்டாணி ஒரு கை, பார்லி 100 கிராம், தட்டின இஞ்சி ஒரு துண்டு. மல்லி இரண்டு கரண்டி, சோம்பு ஒரு கரண்டி, சீரகமும் மிளகும் அரை அரைக் கரண்டி, பட்டை ஒரு விரல் நீளம். இவை எல்லா ஊர்க் கடையிலும் இருக்கின்றன, பொட்டலம் கிழிந்ததாக அழ வேண்டாம். வெறும் சட்டியில் வாசனை வரும் வரை வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டி, துணியில் முடிந்து உள்ளே போடு. தீயைக் குறை. பாய் சொன்னது நினைவிருக்கட்டும்.

ஒன்றரை மணி நேரம் கழித்து நீப்பும் கேரட்டும். லீக்கை நீளவாக்கில் பிளந்து இதழ் இதழாகக் கழுவு, உள்ளே மண் ஒளிந்திருக்கும். அதையும் கேலையும் கடைசிக் கால் மணிக்குப் போட்டால் போதும். உப்பு அப்போதுதான். டாவுன் சூப்புக்குப் பதில், செலரித் தண்டை வாங்கி இலையைக் கிள்ளிக் குப்பையில் போடுகிறாயே, அந்த இலை. பொரித்த வெங்காயம் மேலே. ரொட்டி பெங்காலி கிடைக்காது, ஆனால் உன் ஊரில் பட்டரி என்று ஒரு ரொட்டி விற்கிறார்கள், நம் ரொட்டி சானாய்ப் பரோட்டாவை உப்புப் போட்டு அமுக்கின மாதிரி. அதைத் தோய்த்துச் சாப்பிட்டுப் பார், எனக்கு எழுது.

மீன் சூப்பையும் சொல்ல வேண்டும். கலன் ஸ்கிங்க். மீனையும் பாலையும் சேர்க்காதே என்று சொல்லியே உன் அப்பத்தா என்னை வளர்த்தார். அந்தச் சின்னக் கடையில் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு அவர் குரல்தான் கேட்டது. பசியில் ஒரு கரண்டி எடுத்தேன், அப்புறம் கிண்ணத்தை நீ பிடுங்கப் பார்த்தாய், நான் விடவில்லை. புகை போட்ட ஹாடாக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால், இவ்வளவுதான். நமக்கு வெயில் இருக்கிறது, உப்புப் போட்டுக் கருவாடு காயவைக்கிறோம். அவர்களுக்கு வெயில் ஏது? புகையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த மீனுக்குப் பேர் போன ஃபின்டன் கிராமம் உன் ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. பளிச்சென்று மஞ்சளாக இருப்பது சாயம் ஏற்றியது, வெளிறினதை வாங்கு. பால் ஊற்றின பிறகு கொதிக்க விடாதே. மிளகு தாராளமாகப் போடலாம், ஆனால் ரசம் நினைப்பில் புளியைக் கரைத்து ஊற்றிவிடாதே, திரிந்துபோகும். உன்னைத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

அங்கே டின்னில் முல்லிகடாணி என்று ஒன்றைப் பார்த்துவிட்டுச் சிரித்தோமே. நம் மிளகுத் தண்ணீர்தான் வெள்ளைக்காரன் வாயில் நுழைந்து, கறியைச் சேர்த்துக்கொண்டு, ஆப்பிளைக்கூடச் சேர்த்துக்கொண்டு, அங்கே போய் இருநூறு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறது. பேரில் மட்டும் தமிழ் மிச்சம். அதன் ருசி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதற்கு ஊர் பிடித்திருக்கிறது.

சனிக்கிழமை ஒரு பெரிய சட்டியாக வைத்துவிட்டால் புதன் வரை ஓடும். பார்லி இருப்பதால் இறுகிக்கொண்டே போகும், சுடுகிறபோது தண்ணீர் விட்டுக்கொள். அடுத்த அறைப் பையனுக்கும் ஒரு கிண்ணம் கொடு, அவனும் தனியாகத்தானே இருக்கிறான்.

அம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். மசாலா முடிய வெள்ளைக் கைக்குட்டையை எடுக்காதே என்கிறாள். போன தடவை சூப்பில் சோப்புத்தூள் வாசனை வந்ததை நீ அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். இந்தக் கவருக்குள் மெல்லிய மல் துணி நான்கு துண்டு வைத்திருக்கிறாள், வெந்நீரில் அலசியது.

அன்புடன்,
அப்பா